கயிறு இழுத்தும் கிளம்பாத அவுட்போர்டு எஞ்சின்: பிளக்கைக் கழற்றி வரிசையாகப் பிழை தேடும் முறை

அவுட்போர்டு எஞ்சின் கிளம்பவில்லை என்றால் முதல் வேலை, கயிறு இழுப்பதை நிறுத்துவது. ஐந்தாறு இழுப்பில் பிடிக்காத எஞ்சினை ஐம்பது முறை இழுத்தாலும் பெரும்பாலும் பிடிக்காது. ஒவ்வோர் இழுப்பும் சிலிண்டருக்குள் இன்னும் கொஞ்சம் எரிபொருளைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பிளக் நனைகிறது. முதலில் இருந்த சின்னப் பிழையோடு இரண்டாவது பிழையும் சேர்ந்துகொள்ள, எது முதலில் கெட்டது என்றே தெரியாமல் போய்விடுகிறது.

எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் எரிபொருளும் காற்றும், சரியான நேரத்தில் பொறி, சிலிண்டருக்குள் அமுக்கம். இந்த மூன்றில் எது குறைகிறது என்பதைக் காட்டிக்கொடுப்பது ஸ்பார்க் பிளக். அதனால் இந்த வழிகாட்டியின் நடுவில் பிளக்தான் இருக்கிறது. பழையாறு தொடங்கி நாகை, கோடியக்கரை, முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம் வரை ஃபைபர் படகிலும் வள்ளத்திலும் மாட்டப்படும் 8 முதல் 15 குதிரைத்திறன் வரையிலான, கயிறு இழுத்துக் கிளப்பும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களை மனதில் வைத்து எழுதியது இது. ஃபோர்-ஸ்ட்ரோக் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

டெல்டாக் கரையில் எஞ்சின் நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: எரிபொருளுக்குள் தண்ணீர், மின் இணைப்புகளில் உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையில் கிடக்கும் டேங்குக்குள் காற்றுத் துளை வழியாக மழைநீர் இறங்குகிறது. கேன் மூடி சரியாக மூடாவிட்டால் அலைத் தெறிப்பு இறங்குகிறது. எஞ்சின் மூடியைத் தாண்டி வரும் உப்புக்காற்று ஒவ்வொரு வயர் முனையிலும் பச்சைக் களிம்பு கட்டுகிறது. பெரிய பாகம் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

கடலில் நின்றுவிட்டால்

எஞ்சினைத் தொடுவதற்கு முன் நங்கூரம் போடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, நங்கூரம் பிடிக்கும். கோடியக்கரைக்குக் கிழக்கே கடல் எல்லைக்கோடு அதிகத் தொலைவில் இல்லை. பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீரோட்டம் படகை எங்கே இழுத்துப்போகிறது என்று யாரும் கவனிக்க மாட்டார்கள். முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் நின்றுவிட்டால் எஞ்சினைப் பழுது பார்க்கவே கூடாது. துடுப்பு, நங்கூரம், பக்கத்துப் படகின் கயிறு, இவைதான் அங்கே கை கொடுக்கும். நிலைமை கையை மீறினால் கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல்.

இன்னொன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். மூடி திறந்திருக்கும்போது படகில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

மூடியைத் திறக்கும் முன்

மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு வரப்படும் எஞ்சின்களில் சில, கீழே உள்ள ஏதாவது ஒன்றைச் சரிசெய்தாலே ஓடும்.

1. பாதுகாப்புக் கயிற்றின் கிளிப். சிவப்புச் சுருள் கயிற்றின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு ஸ்டாப் சுவிட்சில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். அது விலகியிருந்தால் பொறியே வராது.

2. கியர் நியூட்ரலில் இருக்கிறதா. பல எஞ்சின்களில் கியர் விழுந்திருந்தால் கயிறே நகராதபடி பூட்டு உண்டு. கயிறு இறுகிப்போனதாக நினைத்துப் பலம் கொண்டு இழுத்தால் உடைவது அந்தப் பூட்டு.

3. கைப்பிடியில் ஆக்சிலேட்டர் ஸ்டார்ட் குறியில் இருக்கிறதா. எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக் முழுதாக வெளியே. சற்று முன் ஓடிச் சூடாக இருந்தால் சோக் வேண்டவே வேண்டாம்.

4. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா. மூடியிருந்தால் சில நிமிடம் ஓடி, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி நின்றுவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மூடிய டேங்க் சூடேறி அழுத்தம் கூடி, குழாயை மாட்டியவுடன் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளி வழியவிடும். ஆகவே காற்றுத் திருகைத் திறந்த பிறகுதான் குழாயை எஞ்சினில் மாட்ட வேண்டும்.

5. எரிபொருள் குழாயின் இரண்டு முனையும் சொடுக்கென்று மாட்டியிருக்கின்றனவா. நடுவில் உள்ள ரப்பர் உருண்டையில் இருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். உருண்டையைச் செங்குத்தாக, அம்பு மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து, கெட்டியாகும் வரை அழுத்துங்கள்.

6. புரொப்பெல்லரில் வலைத்துண்டு, நைலான் கயிறு, ஆற்றுவாயில் ஆகாயத்தாமரை எதுவும் சுற்றியிருக்கிறதா.

அந்த ரப்பர் உருண்டை நிறையச் சொல்லும். எவ்வளவு அழுத்தினாலும் கெட்டியாகவில்லை என்றால் டேங்கில் எரிபொருள் இல்லை, எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது உருண்டைக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. இரண்டே அழுத்தில் கல்லாகி அப்படியே நின்றுவிட்டு, கயிறு இழுத்த பிறகும் பிளக் காய்ந்தே இருந்தால் அடைப்பு உருண்டைக்கு அப்பால், எஞ்சின் பக்கம். ஓடும்போது உள்ளே உறிஞ்சப்பட்டுச் சப்பையானால் அடைப்பு டேங்க் பக்கம். காற்று இழுக்கும் இடம் பெரும்பாலும் குழாய் முனையின் கவ்வியில் உள்ள ஓ-ரிங். அது வெடித்திருந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே கசியாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அழுத்தும்போது இணைப்பில் ஈரம் பூக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றுதல்

மேலே உள்ளவை சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் மூடியைத் திறந்து பிளக்கைக் கழற்றுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 21 மி.மீ. பிளக் ஸ்பேனர் பொருந்தும். முதலில் பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணையும் உப்பையும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டையும் கழற்றி, எது மேல், எது கீழ் என்று மாறாமல் வரிசையாக வையுங்கள். மேல் பிளக் காய்ந்தும் கீழ்ப் பிளக் நனைந்தும் இருந்தால் அதுவே ஒரு துப்பு.

பிளக்கின் முனை எப்படி இருக்கிறது?

காய்ந்து, பெட்ரோல் வாடை இல்லாமல்: எரிபொருள் சிலிண்டர் வரை போகவில்லை.

பெட்ரோலில் நனைந்து: எரிபொருள் வருகிறது, பொறி இல்லை, அல்லது அளவுக்கு மேல் வழிந்துவிட்டது.

முத்து முத்தாகத் தண்ணீர்: எரிபொருளில் தண்ணீர், அல்லது கேஸ்கெட் போய்க் குளிர்விக்கும் நீர் உள்ளே வருகிறது. முனையில் துருப்புள்ளியும் உப்புப் படிவும் இருந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

கரியும் எண்ணெயுமாகக் கருப்பாக: எண்ணெய் அதிகம், சோக்கை இழுத்தபடியே ஓடியது, அல்லது மண்ணெண்ணெய் சரியாக எரியவில்லை.

வெள்ளி நிறத்தில் பொடிப் பொடியாக ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே இழுப்பது செலவைத்தான் பெருக்கும்.

புதுப் பிளக் கையில் இருந்தால் இப்போதே மாற்றிப் பாருங்கள். எந்தப் பிளக் என்பது எஞ்சின் கையேட்டில் இருக்கும். பல சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் என்ஜிகே பி7எச்எஸ்-10 வகை வருகிறது. அதில் 7 வெப்ப எண், கடைசியில் உள்ள 10 என்றால் இடைவெளி 1.0 மி.மீ. என்ஜிகே-யில் எண் குறையக் குறையப் பிளக் சூடாக நிற்கும்; மண்ணெண்ணெய் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினுக்கு உரிய பிளக்கைப் போட்டால் சீக்கிரம் கரி பிடிப்பதற்கு இதுவே காரணம். மாட்டும்போது முதலில் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். புதுப் பிளக் என்றால் அதற்கு மேல் ஸ்பேனரில் அரைச் சுற்று, பழையது என்றால் பத்தில் ஒரு பங்குச் சுற்று. அலுமினிய மரை ஒருமுறை போனால் அது தனிச் செலவு.

பிளக் காய்ந்திருந்தால்

முதலில் ஒரு சோதனை. பெட்ரோலும் எண்ணெயும் கலந்த கலவையில் ஒரு சிறு கரண்டி, அதாவது 3 முதல் 5 மி.லி., எடுத்துப் பிளக் துளை வழியாக விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். சில நொடி ஓடி நின்றால் பொறியும் அமுக்கமும் சரி. குறை எரிபொருள் வழியில்தான். இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்தும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் கீழே பொறி பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போங்கள்.

எரிபொருள் வழியை டேங்கிலிருந்து கார்புரேட்டர் நோக்கி ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். எஞ்சின் பக்கக் குழாயைப் பம்பின் வாயிலில் கழற்றி, ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு உருண்டையை அழுத்துங்கள். தாராளமாகப் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் சல்லடை, வடிகட்டி, குழாய் மடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் இருப்பதால், பழைய குழாய்களின் உட்புறம் ஊறி உரிந்து அடைப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் நல்ல குழாயாகத்தான் தெரியும்.

பிடித்த பெட்ரோலைக் கொட்டிவிடாதீர்கள். பாட்டிலை ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படலமாகப் பிரியும். எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் முதலில் கரைந்து காணாமல் போகும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதான் எஞ்சின் உறிஞ்சுகிறது என்பதால் முதலில் உள்ளே போவது அந்தக் கலவைதான். அது எரியாது என்பது மட்டுமில்லை, பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் (2டி) எண்ணெயும் அதில் போதிய அளவு இருக்காது. தண்ணீர் தெரிந்தால் டேங்க், குழாய், வடிகட்டி, கார்புரேட்டர் கப் (அதன் அடியில் எரிபொருள் தேங்கும் கிண்ணம்) நான்கையும் முழுக்கக் காலி செய்ய வேண்டும். மேலாகப் புது பெட்ரோல் ஊற்றி ஒப்பேற்றுவது அரை மணி நேரம்கூடத் தாங்காது.

பம்பு வரை எரிபொருள் வந்தும் கார்புரேட்டருக்குப் போகவில்லை என்றால் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கலாம். ஒருவர் ரப்பர் உருண்டையை விடாமல் அழுத்த, இன்னொருவர் கயிறு இழுங்கள். அழுத்தும் வரை ஓடி, விட்டால் நின்றால் டயாஃப்ரம்தான். கரை வந்து சேரும் வரை அப்படியே அழுத்திக்கொண்டே ஓட்டலாம்.

அடுத்தது கார்புரேட்டர். கப்பின் அடியில் ஒரு வடிகால் திருகு உண்டு. அதைத் தளர்த்தி, வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் மிதவையின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கப்பை லேசாகத் தட்டினாலே சில சமயம் விடுபடும். மஞ்சளாக, பிசினாக, பழைய பெயின்ட் வாடையோடு வந்தால் எஞ்சின் வாரக் கணக்கில் சும்மா கிடந்து பெட்ரோல் கெட்டுப்போயிருக்கிறது. அப்போது கப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கப்பைக் கழற்றும் வேலையைக் கரையில், கீழே வெள்ளைத் துணி விரித்துச் செய்யுங்கள். மிதவை, அதன் சிறு ஊசி, ஜெட்டுகள் (எரிபொருள் பாயும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டுகள்) எல்லாம் சேற்றில் விழுந்தால் கிடைக்காது. குளிர்ந்த எஞ்சின் கிளம்ப முக்கியமானது பைலட் ஜெட். அதன் துளை மயிரிழை அளவுதான் என்பதால் முதலில் அடைபடுவதும் அதுவே. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, வெளிச்சத்தில் பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கம்பியோ ஊசியோ விடாதீர்கள். பித்தளைத் துளை துளியளவு பெரிதானாலும் எஞ்சின் அதற்குப் பிறகு ஒருபோதும் மெதுவோட்டத்தில் நிற்காது. கையில் இருக்கும் மெல்லிய தூண்டில் நரம்பு ஒரு துண்டு போதும். அது துளையைக் கீறாது. பைலட் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் எத்தனை சுற்றில் அடியில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு, திரும்ப அதே சுற்றில் வையுங்கள். இறுக்கி அழுத்தினால் அதன் கூர்முனை கெடும்.

மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால்

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்கள் கிளம்பாததற்கு ஒரு காரணம் மற்ற எல்லாவற்றையும்விட முன்னால் நிற்கிறது: நேற்று மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த சிலிண்டரில் எளிதில் ஆவியாகாது. கார்புரேட்டர் கப் முழுக்க அது இருக்கும்போது காலையில் எரிபொருள் வால்வைப் பெட்ரோல் பக்கம் திருப்பினாலும், கப்பில் கிடக்கும் மண்ணெண்ணெய் தீரும் வரை பிடிக்காது. இழுக்க இழுக்கப் பிளக் எண்ணெய்ப் பிசுக்காக நனையும்.

செய்ய வேண்டியது: எரிபொருள் வால்வைப் பெட்ரோலுக்கு மாற்றுங்கள். கப்பின் வடிகால் திருகைத் திறந்து முழுக்க வடியவிடுங்கள். ரப்பர் உருண்டையை அழுத்தி, சுத்தமான பெட்ரோல் கலவை வரும் வரை விட்டுத் திருகை மூடுங்கள். பிளக்கைப் பெட்ரோலில் கழுவி உலர்த்தி மாட்டுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

கிளம்பிய பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் பெட்ரோலில் ஓடி எஞ்சின் சூடான பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். கரைக்கு வருமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, அதே அளவு நேரம் ஓட்டி நிறுத்துங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இதைத் தவிர்ப்பவர்கள் மறுநாள் காலை அதைவிட அதிகமாக இழக்கிறார்கள்.

எண்ணெய்க் கலவை: 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; 10 லிட்டருக்கு 200 மி.லி. 25-க்கு 1 என்றால் இரண்டு மடங்கு, லிட்டருக்கு 40 மி.லி. உங்கள் எஞ்சினுக்கு எது என்பதைக் கையேட்டிலிருந்து எடுங்கள். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் அளவு வேறாக இருக்கலாம். எண்ணெய் டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். அது நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினுக்கென்றே செய்தது. பைக் 2டி எண்ணெய் அதற்கு மாற்றில்லை.

பிளக் நனைந்திருந்தால்

எரிபொருள் வழிந்த எஞ்சினை இப்படிக் காயவையுங்கள். சோக்கை உள்ளே தள்ளுங்கள். குழாயை எஞ்சினிலிருந்து கழற்றுங்கள். பிளக்குகளை எடுத்து, அவற்றை வயர் முனையில் உள்ள தொப்பியில் மாட்டிய நிலையில் உலோக உடல் எஞ்சின் பிளாக்கைத் தொடும்படி, துளைகளிலிருந்து தள்ளி, நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து எட்டுப் பத்து முறை இழுங்கள். துளையிலிருந்து புகைபோலப் பெட்ரோல் பீச்சும். அது நின்ற பிறகு பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பிளக்கைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து உலர்த்தி மாட்டி, சோக் இல்லாமல், ஸ்டார்ட் குறியில் வைத்து இழுங்கள்.

பிளக் வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுக்கக் கூடாது. சிடிஐ பெட்டியில் (பொறிக்கான மின்சாரத்தைத் தரும் மின்னணுப் பெட்டி) உண்டாகும் உயர் மின்னழுத்தம் வெளியேற வழியில்லாமல் அந்தப் பெட்டியையோ காயிலையோ எரித்துவிடும்.

காயவைத்தும் மீண்டும் மீண்டும் வழிந்தால் மிதவை ஊசி மூடவில்லை; அதன் நுனியில் தேய்மானமோ மணலோ இருக்கும். கார்புரேட்டரின் வாயிலிருந்து பெட்ரோல் பின்னோக்கித் துப்பினால் ரீட் வால்வின் (கலவை பின்னோக்கி வராமல் தடுக்கும் மெல்லிய தகடு) இதழ் உடைந்திருக்கிறது என்று பொருள்.

பொறி வருகிறதா

பொறியைப் பார்க்க நிழல் வேண்டும். நடுப்பகல் வெயிலில் நல்ல பொறியும் தெரியாது. முதலில் பிளக் துளைகளில் துணியை அடைத்து, சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிடுங்கள். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, உடலைப் பிளாக்கில் வைத்து, ரப்பர் பிடியுள்ள குறடால் பிடித்துக்கொண்டு ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். வெறும் கையால் பிடிக்காதீர்கள். சடசடவென்ற ஓசையோடு நீலப் பொறி வந்தால் நல்லது. மெலிந்து மஞ்சளாக வந்தால் பலம் போதாது: வெளியே ஒரு மி.மீ. இடைவெளியைத் தாண்டும் பொறி, சிலிண்டருக்குள் அமுக்கத்தில் தாண்டாமல் போகலாம்.

பொறியே இல்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்.

புதுப் பிளக். அதற்கடுத்துப் பிளக் தொப்பி. தொப்பி வயரில் திருகாக இறங்கும் வகை என்றால், கழற்றி உள்ளே பாருங்கள். உப்பு ஏறிப் பச்சைப் பொடியாகியிருந்தால் வயர் முனையில் அரை செ.மீ. வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் திரும்பத் திருகுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் போய்விட்ட பொறி இதிலேயே திரும்புவது சகஜம்.

பிறகு ஸ்டாப் சுவிட்ச். சுவிட்ச் எஞ்சினை நிறுத்துவது, சிடிஐ-யிலிருந்து வரும் ஒரு வயரை எர்த்தோடு சேர்ப்பதன் மூலம். சுவிட்சுக்குள் உப்புநீர் புகுந்தால் அது எப்போதும் நிறுத்திய நிலையிலேயே இருக்கும். யமஹா எஞ்சின்களில் அந்த வயர் வெள்ளை, எர்த் கருப்பு. மற்றவற்றில் நிறம் மாறலாம். சுவிட்சிலிருந்து வரும் இணைப்பைப் பிரித்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச். அப்படியே கிளப்பிக் கரைக்கு வரலாம். ஆனால் பாதுகாப்புக் கயிறு வேலை செய்யாது என்பதைப் படகில் எல்லோருக்கும் சொல்லுங்கள். நிறுத்த, சோக்கை முழுதாக இழுங்கள், அல்லது எரிபொருள் குழாயைக் கழற்றுங்கள்.

அதுவும் இல்லை என்றால் கண்ணில் படும் எல்லா இணைப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, நீர் விரட்டும் ஸ்பிரே அடித்து மாட்டுங்கள். எர்த் வயர் போல்ட்டில் இறுகும் இடத்தைத் தவறாமல் பாருங்கள். இருட்டில் ஒருமுறை இழுக்கச் சொன்னால், உறை வெடித்த வயரிலிருந்து பொறி பிளாக்குக்குத் தாவுவது தெரியும்.

இதற்கு மேல் காயில்கள், சிடிஐ. மல்டிமீட்டரால் ஓம் அளந்து கையேட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டிய வேலை. இரண்டு சிலிண்டரில் ஒன்றில் மட்டும் பொறி இல்லை என்றால் அந்த வயர், தொப்பி, காயில் பக்கம் பாருங்கள். பொறி நன்றாக இருந்தும் கயிறு கையைப் பின்னுக்குச் சுண்டி இழுத்து, டப்பென்று வெடித்தால் ஃப்ளைவீல் சாவி (ஃப்ளைவீலைத் தண்டில் நிலைநிறுத்தும் சிறு உலோகத் துண்டு) வெட்டுப்பட்டு நேரம் தவறியிருக்கலாம். அதற்கு ஃப்ளைவீலைக் கழற்றும் புல்லர் வேண்டும், சுத்தியால் அடித்துக் கழற்றக் கூடாது.

அமுக்கம்

பிளக் துளையை விரலால் அழுத்தி மூடிக் கயிறு இழுத்தால் விரலைப் பலமாகத் தள்ள வேண்டும். அமுக்கம் அளக்கும் கேஜ் இருந்தால் இரண்டு பிளக்கையும் எடுத்து, வயர்களை எர்த் செய்து, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து, ஊசி ஏறுவது நிற்கும் வரை இழுங்கள். நல்ல நிலையில் உள்ள சிறிய பெட்ரோல் டூ-ஸ்ட்ரோக் 90 முதல் 120 பிஎஸ்ஐ, சில அதற்கு மேலும் காட்டும். மண்ணெண்ணெய் வகைகளில் அமுக்கத்தைக் குறைத்தே செய்திருப்பார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இழுப்பை எளிதாக்கும் அமைப்பு இருந்தால் எண் குறைவாகவே காட்டும். எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 15 சதத்துக்கு மேல் போனால் பழுது இருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட். இரண்டும் படகில் வைத்துச் செய்யும் வேலையில்லை.

கயிறு நகரவில்லை, அல்லது அறுந்துவிட்டது

நியூட்ரலில் இருந்தும் கயிறு நகரவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் திருப்பிப் பாருங்கள். இப்போது தாராளமாகச் சுற்றித் துளையிலிருந்து தண்ணீர் வந்தால் சிலிண்டரில் நீர் நிறைந்திருந்தது. பிளக் இல்லாமலும் அசையவில்லை என்றால் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. காரணம் பெரும்பாலும் எண்ணெய் கலக்காத பெட்ரோல், அல்லது குளிர்நீர் வராமல் ஓடியது. முத்துப்பேட்டைக் கழியில், அலையாத்திக் காட்டு ஓரமாக ஆழமில்லாத சேற்றில் ஓட்டும்போது நீர் உறிஞ்சும் சல்லடையில் களி அப்பிக்கொள்வது வழக்கம்.

கயிறு அறுந்தால்: மேலே உள்ள ஸ்டார்ட்டர் கூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை 10 மி.மீ. ஸ்பேனரால் கழற்றி எடுங்கள். ஒன்றரை மீட்டர் கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட்டு, ஃப்ளைவீல் விளிம்பில் உள்ள வெட்டில் மாட்டி, கடிகார முள் திசையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுங்கள். கூட்டோடு கியர்ப் பூட்டும் போய்விட்டதால் நியூட்ரலைக் கண்ணால் உறுதிசெய்யுங்கள். ஃப்ளைவீல் திறந்து சுற்றும். லுங்கி நுனி, துண்டு, தளர்ந்த சட்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஓடும்போது கூட்டைத் திரும்ப மாட்ட முயலவும் வேண்டாம்.

பேட்டரியில் கிளம்பும் எஞ்சின் என்றால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். டக்கென்று ஓசை மட்டும் கேட்டால் முதலில் டெர்மினல் களிம்பு, அடுத்து ஃப்யூஸ்.

கிளம்பியவுடன்

பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். அரை நிமிடத்தில் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, துளையையும் கீழே உள்ள சல்லடையையும் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் பழுது இம்பெல்லரில், அதாவது குளிர்நீரை ஏற்றும் ரப்பர் சக்கரத்தில். கரையில் சோதிக்கும்போது 200 லிட்டர் டிரம்மில் நீர் நிரப்பி, புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு மூழ்கும்படி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இம்பெல்லர் ரப்பர் நொடிகளில் கருகத் தொடங்கும்.

படகில் ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இவை இருக்கட்டும்: பிளக் ஸ்பேனர், புதுப் பிளக் இரண்டு, 10, 12 மி.மீ. ஸ்பேனர், இரண்டு வகை ஸ்க்ரூடிரைவர், குறடு, அவசரக் கயிறு, ஒரு மீட்டர் எரிபொருள் குழாயும் கிளிப்பும், ஓ-ரிங், பாதுகாப்புக் கயிற்றுக்கு ஒரு மாற்றுக் கிளிப், உப்புத்தாள், பருத்தித் துணி, சிறு கண்ணாடிப் பாட்டில், டார்ச்.

எஞ்சின் தண்ணீரில் மூழ்கியிருந்தால்

படகு கவிழ்ந்தோ, புயலிலோ மூழ்கிய எஞ்சினுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது இந்தக் கரையில் படகுகளோடு எஞ்சின்களும் உப்புநீரில் கிடந்தன. மூழ்கிய எஞ்சினைக் கெடுப்பது தண்ணீரைவிட, எடுத்த பிறகு படும் காற்று. உப்பும் காற்றும் சேர்ந்தவுடன் பேரிங்கும் கிராங்கும் சில மணி நேரத்தில் துருவேறத் தொடங்கும்.

எடுத்தவுடன் மூடியைத் திறந்து நல்ல தண்ணீரில் முழுக்கக் கழுவுங்கள். பிளக்குகளை எடுத்து, துளைகள் கீழ்நோக்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்து நீரை வெளியேற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய எஞ்சின் என்றால், கயிறு இடறுகிறதா, உரசல் ஓசை வருகிறதா என்று கவனியுங்கள். கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம், அப்படியானால் அதற்குமேல் இழுக்க வேண்டாம். சுத்தமாகச் சுற்றினால் கார்புரேட்டர் கப், குழாய், டேங்க் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி 2டி எண்ணெய் விட்டு, பத்து முறை மெதுவாகச் சுற்றுங்கள். மின் இணைப்புகளைப் பிரித்து உலர்த்தி ஸ்பிரே அடியுங்கள். புதுப் பிளக், புது எரிபொருள் போட்டுக் கிளப்பி, குறைந்தது அரை மணி நேரம் டிரம்மில் ஓட்டி உள்ளே உள்ள ஈரத்தை விரட்டுங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் கிளப்பும் முன்னும், ஓடிய பின்னும் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். பால்போல வெளுத்திருந்தால் நிறம் தெளியும் வரை மறுபடியும்.

இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இதைச் செய்ய முடியாது, மெக்கானிக் நாளைதான் வருவார் என்றால், கழுவிய எஞ்சினைக் காற்றில் விட்டுவைக்காதீர்கள். நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டியிலோ, உப்பேறாத வாய்க்காலிலோ முழுதாக மூழ்க வைத்து, அவர் வந்த பிறகே வெளியே எடுங்கள்.